மூன்று விரல் உயரம்

நான் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். தெற்கு இண்டியானாவின் மேடும் வளைவுமான சாலைகளில் பத்தொன்பது வருடமாக ஓட்டுகிறேன். பனி உறைந்த காலையிலும் ஓட்டியிருக்கிறேன், ஆறு பெருகிச் சாலைமேல் ஏறிய நாளிலும் ஓட்டியிருக்கிறேன். வண்டியில் ஒரு கீறல் விழுந்தது கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தப் பெருமைதான் எனக்கு வினையாக வந்தது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கோடையில் பள்ளி மூடியதும் எனக்கு வேறு வேலை. எங்கள் பக்கத்துச் சாரணர் முகாமில் ஏழு வாரம் பிள்ளைகளுக்குப் பழைய காலத்துத் துப்பாக்கி சுடச் சொல்லிக்கொடுப்பேன். தோட்டா போட்டுச் சுடுவது அல்ல இது. குழலின் வாய்வழியே கருமருந்தைக் கொட்ட வேண்டும். எண்ணெய் தடவிய துணித்துண்டில் ஈயக்குண்டைப் பொதிந்து, கஜக்கோல் என்கிற நீளக் கம்பால் அடிவரை அழுத்தி இறக்க வேண்டும். பிறகு பின்பக்கம், அடித்தால் பொறி கிளப்பும் கேப்பு என்கிற சின்னச் செப்பு மூடியை வைத்து, அதை அடிக்கும் குதிரையைப் பின்னால் இழுத்து, விசையைத் தட்ட வேண்டும். ஒரு குண்டு சுட ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். சுட்டதும் வெள்ளைப் புகை எழுந்து அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அந்தப் புகைக்குள்ளிருந்து வெளியே வரும் பிள்ளையின் முகத்தைப் பார்க்கத்தான் நான் வருடா வருடம் போகிறேன்.

கஜக்கோலில் ஒரு கோடு கீறியிருப்போம். மருந்தும் குண்டும் சரியாக இறங்கியிருந்தால் அந்தக் கோடு குழலின் விளிம்போடு ஒட்டி நிற்கும். ஏறி நின்றாலோ இறங்கி நின்றாலோ உள்ளே ஏதோ தப்பு. பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. கூடவே இன்னொன்றும் சொல்வேன்: தப்பு என்று கண்ணில் பட்டால் 'நிறுத்து' என்று யாரும் சொல்லலாம். சொல்வது பத்து வயதுப் பிள்ளையாக இருந்தாலும் சுடுகளத்தில் எல்லோரும் அப்படியே நிறுத்த வேண்டும்.

என்னோடு சுடுகளத்தில் இருந்தவர் ஓடெல். எழுபத்து நான்கு வயது. நாற்பது வருடம் சுண்ணாம்புக்கல் குவாரியில் வெடி வைத்தவர். இடது காது கேட்காது. பெண் பிள்ளைகளையும் சாரணர் படையில் சேர்க்க ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகியிருந்தாலும், எங்கள் முகாமுக்குப் பெண்கள் குழு வந்தது அந்த வருடம்தான் முதல் தடவை. ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பெண்கள் மூட்டை முடிச்சோடு வந்து இறங்குவதைப் பார்த்துவிட்டு ஓடெல் என்னைச் சீண்டினார்.

"இத்தன வருஷமா பயலுகளோட மல்லுக்கட்டுனே. இனிமே உன் பாடு கொண்டாட்டந்தான்."

"பொண்ணுங்கன்னா வாயத் தெறக்காம நிப்பாங்கன்னு நெனப்பா உங்களுக்கு?"

"எனக்கு நாலு பொண்ணு. குவாரியில வெடிச் சத்தத்துக்கு நடுவுலதாம்மா நான் நிம்மதியா ஒக்காந்திருக்கேன்."

அந்த எட்டுப் பேரில் ஒருத்தி மேரன் ஹோல்ஷர். பன்னிரண்டு வயது. ஒல்லி. மூக்குக் கண்ணாடி விழாமல் இருக்கப் பின்னந்தலையில் நாடா கட்டியிருப்பாள். திங்கட்கிழமை காலை பாடம் ஆரம்பித்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, கையைத் தூக்கினாள்.

"மிஸ் வெர்னா, மருந்த டப்பாலேர்ந்து நேரா குழல்ல கொட்டுனா என்ன? எதுக்கு நடுவுல அந்தச் சின்னக் குப்பி?"

"முன்னாடி சுட்டதுல உள்ள கங்கு கெடந்தா, கொட்டுற மருந்து பத்திக்கும். டப்பாவோட கொட்டுனா டப்பாவே வெடிக்கும். அதனால குப்பில அளந்துதான் கொட்டணும்."

"கங்கு உள்ள எவ்வளவு நேரம் அணையாம இருக்கும்?"

"தெரியாது. நான் உள்ள போய்ப் பாத்ததில்ல."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, "யாராச்சும் அளந்து பாத்திருக்காங்களா?" என்று கேட்டாள்.

அன்று அவள் கேட்ட கேள்விகள் இருபதுக்குக் குறையாது. துணிக்கு எண்ணெய் ஏன், எச்சில் தொட்டால் போதாதா, மழையில் அந்தக் காலத்துச் சிப்பாய்கள் என்ன செய்தார்கள். எல்லாம் நல்ல கேள்விகள்தான். ஆனால் எனக்கு இரண்டு மணி நேரத்தில் பையன்களும் பெண்களுமாகப் பதினாறு பேரைச் சுட வைக்க வேண்டும். வெயில் வேறு. செவ்வாய்க்கிழமை அவள் மறுபடி கை தூக்கியபோது என் முகம் மாறியிருக்க வேண்டும். மற்றப் பெண்கள் அவளைப் பார்த்து உதட்டைக் கடித்தார்கள்.

"மிஸ் வெர்னா, மறந்து போய் ரெண்டு தடவ மருந்தும் குண்டும் போட்டுட்டா?"

"அப்படி மறக்கிறவங்க இந்த வேலைக்கு வரமாட்டாங்க," என்றேன். "நீ வரிசையில கடைசியா போய் நில்லு. மத்தவங்க சுடட்டும்."

அவள் போய்க் கடைசியில் நின்றாள். பதில் வரவில்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

புதன்கிழமை அவள் முறை வந்தது. மேசை முன்னால் நின்றாள், குண்டை இறக்கினாள், கேப்பு வைத்தாள், விசையைத் தட்டினாள். 'டிக்' என்று கேப்பு மட்டும் வெடித்தது. விதிப்படி குழலை இலக்குப் பக்கமே பிடித்தபடி முழுசாக ஒரு நிமிடம் காத்திருந்தோம். அடுத்த மேசையில் ஒரு பையனைச் சுட வைத்துக்கொண்டிருந்த ஓடெல் அவனை முடித்து அனுப்பிவிட்டு வந்து கஜக்கோலை விட்டுப் பார்த்தார். கோடு விளிம்புக்குக் கீழே போயிருந்தது. மருந்தே போடாமல் குண்டை இறக்கியிருக்கிறாள். எல்லோருக்கும் நடப்பதுதான். எனக்கே பத்துத் தடவை நடந்திருக்கிறது. மேலும், அவள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு படியையும் பார்க்க வேண்டியவள் நான்தான். நான் அந்த நேரம் பின்வரிசையில் பேசிக்கொண்டிருந்தவர்களை அதட்டிக்கொண்டிருந்தேன். ஆனாலும் நான் சொன்னது இதுதான்:

"கேள்வி கேக்குற நேரத்துல கையப் பாத்திருக்கலாம்."

ஓடெல் குண்டை உருவிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார். பின்வரிசைப் பையன்கள் சிரித்தார்கள். மேரன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தாள். அதற்குப் பிறகு அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. யார் சுட்டாலும் பின்னால் நின்று விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். மருந்து ஒன்று, துணி இரண்டு, குண்டு மூன்று, கோல் நான்கு, கேப்பு ஐந்து. நான் அதைப் பார்த்தேன். பரவாயில்லை, அடங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பெற்றோர் வரும் நாள். மத்தியானம் சுடுகளத்தில் கயிற்றுக்குப் பின்னால் எழுபது எண்பது பேர் நின்றார்கள். வழக்கமாக அன்று நான்தான் செய்து காட்டுவேன். ஓடெல் கயிற்றுப் பக்கம் கூட்டத்தைப் பார்த்துக்கொள்வார். மேரனின் குழு கயிற்றை ஒட்டி முன்வரிசையில் நின்றது.

நான் மருந்தை அளந்து கொட்டினேன். துணி, குண்டு, கஜக்கோல். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விளக்கிச் சொன்னேன். கோலை உருவி மேசைமேல் வைத்தபோது ஒருவர், பெரிய தொப்பி போட்ட அப்பா, கையைத் தூக்கினார். அவருடைய முப்பாட்டனார் உள்நாட்டுப் போரில் வைத்திருந்த துப்பாக்கி இன்னும் வீட்டில் பரண்மேல் கிடக்கிறதாம். அதைச் சுடலாமா என்று கேட்டார். எனக்குப் பிடித்த பேச்சு. முதலில் உள்ளே பழைய மருந்தும் குண்டும் கெட்டித்துக் கிடக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். நூற்றைம்பது வருடத்துக்கு முன் கெட்டித்தது இன்னும் உள்ளேயே இருக்கும் துப்பாக்கிகள் உண்டு என்றேன். கூட்டம் ரசித்தது. அவர் இன்னொன்று கேட்டார். ஒரு அம்மா வேறொன்று கேட்டாள். ஐந்து நிமிடம் போயிருக்கும். துப்பாக்கி என் கையில் நிமிர்ந்து நின்றது.

"சரி, இப்ப சுட்டுக் காட்டுறேன்," என்று சொல்லிவிட்டு, மருந்தை அளந்தேன். கொட்டினேன். துணியை வைத்தேன், குண்டை வைத்தேன், கோலால் அழுத்தினேன். கண் முழுக்கக் கூட்டத்தின் மேல் இருந்தது. கோட்டைப் பார்க்கவில்லை. கேப்பு வைத்தேன். துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக் குதிரையை இழுத்தேன்.

"நிறுத்து."

கத்தல் இல்லை. கொஞ்சம் உடைந்த குரல். ஆனால் எல்லோருக்கும் கேட்டது. வருடக்கணக்கான பழக்கம், விரல் தானாக விசையை விட்டு வெளியே வந்துவிட்டது. குதிரையைக் கட்டைவிரலால் பிடித்து மெல்ல இறக்கினேன். கேப்பை எடுத்தேன். குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். மேரன் வலது கையை உயர்த்தி நின்றாள்.

முதலில் வந்தது கோபம்தான். எண்பது பேர் முன்னால் இந்தப் பிள்ளை விளையாடுகிறதே என்று நினைத்தேன்.

"என்ன?"

"மிஸ் வெர்னா, நீங்க ரெண்டு தடவ போட்டீங்க."

பெரிய தொப்பிக்காரர் சிரித்தார். "பாப்பா, அவங்க இதுல சாம்பியன்," என்றார் யாரோ. கஜக்கோலை எடுத்துக் குழலுக்குள் விட்டேன். அடிவரை போய் முட்டியது.

கோடு விளிம்புக்கு மேலே நின்றது. மூன்று விரல் உயரம்.

ஓடெல் கயிற்றைத் தாண்டி வந்து என் கையிலிருந்து துப்பாக்கியை மெதுவாக வாங்கினார். கூட்டத்தைப் பார்த்து, "இன்னிக்கு இவ்வளவுதாங்க. எல்லாரும் ஏரிப் பக்கம் போங்க, படகுப் போட்டி ஆரம்பிக்குது," என்றார். அவருக்கு ஒரு காதுதான் கேட்கும். அந்தக் காது அன்றைக்கு என் பக்கம் இருக்கவில்லை. ஆனாலும் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

எல்லோரும் போன பிறகு கோலின் நுனியில் திருகாணி மாட்டி உருவினோம். முதலில் ஒரு குண்டு வந்தது. மருந்தைக் கொட்டினோம். மறுபடி விட்டுத் திருகினோம். இன்னொரு குண்டு வந்தது. இன்னொரு அளவு மருந்து.

"ரெண்டு மருந்துக்கும் குழல் தாங்கியிருக்குமா ஓடெல்?"

"தாங்கியிருக்கலாம். தாங்குனதும் பாத்திருக்கேன்." குழலைத் துணியால் துடைத்தார். "தாங்காததும் ஒண்ணு பாத்திருக்கேன். அந்த ஆளுக்கு இடது கையில ரெண்டு விரல்தான்."

ஒண்ணும் ஆகல விடும்மா என்று அவர் சொல்லவில்லை. அதற்காக இன்றுவரை அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்படிச் சொல்லியிருந்தால் நானும் விட்டிருப்பேன்.

முகாம் நிர்வாகி லைல் என்னைவிடப் பத்து வயது சின்னவர். அவருடைய அறைக்குப் போய், நடந்ததைச் சொல்லி, விபத்து அறிக்கைத் தாளைக் கேட்டு வாங்கி நானே எழுதினேன். அவர் இரண்டு தடவை படித்தார்.

"மேலிடத்துக்குப் போன் போடணும் வெர்னா."

"தெரியும்."

"அவங்க வந்து பாக்குற வரைக்கும் நீங்க சுடுகளத்துக்குப் போக முடியாது."

"அதுவும் தெரியும். வீட்டுக்குப் போகச் சொல்றீங்களா?"

"சமையக்கட்டுல ஆள் பத்தல," என்றார். "நீங்க போயிட்டா எனக்கு ரெண்டு எடத்துல ஆள் இல்லாமப் போகும்."

வெளியே வந்தபோது மரத்தடியில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். ரப்பர் பூட்ஸ், முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை. வான்கோழிப் பண்ணையிலிருந்து நேராக வந்திருக்கிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது. மேரனின் அம்மா கார்லீன்.

"வெர்னா நீங்கதானே."

"ஆமாங்க."

"நான் வரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. இப்பதான் கேள்விப்பட்டேன். அவ எவ்வளவு தூரத்துல நின்னா?"

"பன்னெண்டு அடி இருக்கும்."

"பன்னெண்டு அடி." அதைத் தனக்குள் அளந்து பார்ப்பதுபோல் நின்றாள். "அவ வாயத் தெறக்காம இருந்திருந்தா?"

"தெரியலங்க. ஒண்ணும் ஆகாமலும் போயிருக்கலாம். குழல் வெடிச்சும் இருக்கலாம். என் தப்புதான்."

"உங்க தப்புதான்," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "நேத்து அவ போட்ட தபால் அட்டை வந்துச்சு. துப்பாக்கி டீச்சருக்கு என்னப் பிடிக்கல, நான் நெறையப் பேசறேனாம்னு எழுதியிருந்தா. நான் என்ன நெனச்சுட்டு வந்தேன் தெரியுமா? பெரியவங்க அப்படித்தான் இருப்பாங்க, நீதான் கொஞ்சம் வாயக் கட்டணும்னு புத்தி சொல்லலாம்னு வந்தேன். வர வழியெல்லாம் வண்டியில அதத்தான் யோசிச்சிட்டு வந்தேன்."

அவள் என் பதிலுக்கு நிற்கவில்லை. பூட்ஸ் சரளையில் நசநசக்கப் போய்விட்டாள். அவள் என்னைத் திட்டியதைவிட அந்த வார்த்தைகள்தான் என்னைப் பிடித்துக்கொண்டன. ஒரே வாரத்தில் நானும் அவளும் சேர்ந்து அந்தப் பிள்ளையின் வாயைக் கட்டியிருப்போம்.

மேரனை ஏரிக்கரையில் கண்டேன். படகுப் போட்டியைப் பார்க்காமல் தண்ணீரில் கால்விட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளுடைய குழுத் தலைவி சற்றுத் தள்ளி நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையக் கழுவுனீங்களா மிஸ் வெர்னா?" என்று கேட்டாள் மேரன். "ஈயம் தொட்டா கழுவணும்னு சொன்னீங்களே."

"கழுவிட்டேன்." உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். "மேரன், நீ சொன்னது சரி. உள்ள ரெண்டு இருந்துச்சு."

அவள் முகத்தை என் பக்கம் திருப்பவில்லை. தோள் மட்டும் இறங்கியது. அதுவரை தன் கணக்கு சரியா தப்பா என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. கூட்டத்தைக் கலைத்தோம், அவளையும் அதோடு சேர்த்து அனுப்பிவிட்டோம். இரண்டு மணி நேரமாக அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"நான் தப்பா எண்ணிட்டேனோன்னு நெனச்சேன்."

"தப்பா எண்ணியிருந்தாலும் சொல்லணும். அதுக்குத்தான் அந்த விதி."

"நீங்க ரெண்டாவது தடவ மருந்து கொட்டறப்பவே பாத்துட்டேன்," என்றாள் மெதுவாக. "உடனே சொல்லல. தப்பா இருந்தா நீங்க எல்லார் முன்னாடியும் ஏதாவது சொல்லுவீங்கன்னு பயமா இருந்துச்சு. குதிரைய இழுத்தப்புறம்தான் சொன்னேன்."

மருந்து கொட்டியதிலிருந்து குதிரையை இழுத்ததுவரை எவ்வளவு நேரம் இருக்கும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். முக்கால் நிமிடம். அந்த முக்கால் நிமிடமும் அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, துப்பாக்கியைவிட என் வாய்க்குத்தான் அதிகமாகப் பயந்து நின்றிருக்கிறது.

"அது உன் தப்பில்ல," என்றேன். "உன்னப் பயமுறுத்துனது நான். செவ்வாக்கெழம நீ ஒரு கேள்வி கேட்ட. நான் பதில் சொல்லாம உன்ன வரிசையில கடைசிக்கு அனுப்புனேன். அது என் தப்பு. புதன்கெழம மருந்து மறந்ததும், பக்கத்துல நின்னு பாக்காத என் தப்புதான். உன்ன ஏசுனேன். மன்னிச்சிரு. அப்புறம், ரொம்ப நன்றி மேரன். என் கையி, கண்ணு, எல்லாத்துக்கும்."

அவள் காலால் தண்ணீரை எத்தினாள். அழுதாள் என்று நினைக்கிறேன். கண்ணாடியில் தண்ணீர் தெறித்திருந்ததால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

"பரவால்ல," என்றாள்.

அன்று இரவுச் சாப்பாட்டில், சாப்பாட்டுக் கூடத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். பெற்றோர்களும் இருந்தார்கள். அறிவிப்பு நேரம் வந்ததும் லைலிடம் கேட்டு மேடையேறினேன். நான் என்ன செய்தேன், எதைப் பார்க்காமல் விட்டேன், யார் நிறுத்தினார் என்று சுருக்கமாகச் சொன்னேன். பிறகு பின்வரிசையில், புதன்கிழமை மேரனைப் பார்த்துச் சிரித்த பையன்களின் மேசையில், யாரோ கையால் மேசையைத் தட்ட ஆரம்பித்தான். ஒவ்வொரு மேசையாகப் பிடித்துக்கொண்டது. தட்டுகள் குதித்தன. மேரன் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுடைய அம்மா தட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் நான் சமையற்கட்டில் சட்டி கழுவினேன். உருளைக்கிழங்கு உரித்தேன். தினமும் சுடுகளத்திலிருந்து வரும் வெடிச்சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கழுவினேன். ஓடெலுக்கு உதவியாக வேறு ஒருவரை அனுப்பியிருந்தார்கள். சாயங்காலம் சமையற்கட்டுப் பின்வாசலில் வந்து ஓடெல் உட்காருவார். "புது ஆளு ரொம்ப நல்லவன். வாயே தெறக்க மாட்டேங்குறான். சண்ட போட ஆளில்லாம எனக்குப் போரடிக்குது," என்பார். புதன்கிழமை மேலிடத்திலிருந்து ஒருவர் வந்தார். என்னை ஐந்து தடவை கெட்டிக்க வைத்துப் பார்த்தார், பின்னால் நின்று குறிப்பு எழுதிக்கொண்டார். கடைசியில், இனிமேல் செய்து காட்டும்போது யாராவது ஒருவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு படியையும் உரக்கச் சொல்ல வேண்டும், நடுவில் கேள்வி எடுக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திரும்பப் போக அனுமதித்தார். எனக்கு அது அதிகமான கருணையாகவே தெரிந்தது. வேலையை விட்டே அனுப்பியிருந்தாலும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

ஜனவரியில் எங்கள் பகுதியின் சுடுகளப் பயிற்சியாளர்கள் எல்லோரும் ஒரு சனிக்கிழமை கூடுவார்கள். நாற்பது பேர் இருப்போம், நான் ஒருத்திதான் பெண். கூட்டம் நடத்துகிறவர் என்னை எழுந்து நடந்ததைச் சொல்லச் சொன்னார். ஒரு சர்ச்சின் கீழ்த்தளத்தில், மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கும் தாடிக்காரர்கள் முன்னால், அதை மறுபடி சொன்னேன். மேரன் முக்கால் நிமிடம் காத்திருந்ததையும் ஏன் காத்திருந்தாள் என்பதையும் சொன்னேன். சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். இனிமேல் இவர்கள் யாரும் என்னோடு சேர்ந்து காப்பிகூடக் குடிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

மூன்றாவது வரிசையில் ஒருவர் எழுந்தார். ஆற்றங்கரை முகாம் ஒன்றில் முப்பது வருடமாக இருப்பவர், பெயர் மெர்ல். என்னைப் பார்க்கவில்லை, தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"எனக்கும் இது நடந்துச்சு. இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. என்னை யாரும் நிறுத்தல. சுட்டுட்டேன். குழல் தாங்கிருச்சு. தோள்பட்ட ஒரு மாசம் கறுத்துக் கெடந்துச்சு. என் பொண்டாட்டிகிட்ட வழுக்கி விழுந்துட்டேன்னு சொன்னேன். இன்னிக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல."

அவர் உட்காருவதற்குள் ஜன்னல் பக்கத்தில் இன்னொருவர், "நான் கோலையே உள்ள வெச்சு சுட்டிருக்கேன்," என்றார். அதற்குச் சிலர் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். பிறகு இன்னொருவர். கடைசியில் ஏழு பேர் சொன்னார்கள். கூட்டம் ஒரு மணிக்கு முடிய வேண்டியது, மூன்றரைக்கு முடிந்தது. படிகளை உரக்கச் சொல்ல ஒரு பிள்ளையை நிறுத்தும் வழக்கத்தை எல்லா முகாமிலும் கொண்டுவர வேண்டும் என்று மெர்ல்தான் எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்தபோது பனி தூறிக்கொண்டிருந்தது. வண்டிக்குள் உட்கார்ந்து சூடு வரும்வரை காத்திருந்தேன். பிறகு ஹோல்ஷர் வீட்டு எண்ணை அழுத்தினேன். ஆகஸ்டில் ஒரு நன்றிக் கடிதம் எழுதியிருந்தேன், பதில் வரவில்லை. பதில் வரும் என்று எதிர்பார்க்கவும் இல்லை.

கார்லீன்தான் எடுத்தாள். பின்னணியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. யார் பேசுகிறேன் என்று சொன்னேன். நடந்ததைச் சொன்னேன், மெர்லைப் பற்றி, ஏழு பேரைப் பற்றி, இனி எல்லா முகாமிலும் வரப்போகும் வழக்கத்தைப் பற்றி. "உங்க பொண்ணாலதான்னு உங்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சு. அவ்வளவுதாங்க."

அந்தப் பக்கம் பாத்திரம் உருண்டுகொண்டே இருந்தது.

"உங்க கடிதம் வந்துச்சு," என்றாள் பிறகு. "அவ அத அலமாரிக் கதவுல ஒட்டி வெச்சிருக்கா. நான் பதில் எழுதல. கோபம் போகட்டும்னு இருந்தேன்."

"நியாயந்தாங்க."

"அன்னிக்கு ராத்திரி நீங்க மேடையேறிச் சொன்னீங்கல்ல. நான் பெரியவங்க யாரும் ஒரு பிள்ளைக்கு முன்னாடி அப்படிச் சொல்லிக் கேட்டதில்ல. எங்க அப்பா சொன்னதில்ல. நானும் சொன்னதில்ல." பாத்திரச் சத்தம் நின்றது. "ஞாயித்துக்கெழம சர்ச்சு முடிஞ்சு என்ன செய்வீங்க?"

"ஒண்ணுமில்லங்க. நான் தனியாத்தான் இருக்கேன்."

"கோழியும் நூடுல்ஸும் செய்வேன், மசிச்ச உருளக்கெழங்கு மேல ஊத்தி. மத்தியானம் வாங்க. மேரனுக்கு நான் சொல்ல மாட்டேன், நீங்களே வந்து அவகிட்டச் சொல்லுங்க."

நான் ஏதாவது கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

"பண்ணைக்குத் திரும்புற வளைவுல பனி கட்டியிருக்கும்," என்றாள். "மெதுவா வாங்க."